லாரி எங்கே போகும்? - ஒரு நகரத்தின் சரக்குக் கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரி நாலு தாள்களோடு வீட்டுக்கு வந்தார். "சாஹேப், நீங்க பேங்க்காரர். லெட்டர் எல்லாம் நல்லா டிராஃப்ட் பண்ணுவீங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிக் கொடுங்க. முதல் கையெழுத்தும் நீங்களே போட்டுடுங்க" என்றார். (பேசியது இந்தியில். உங்களுக்காகத் தமிழில்.)

மனுவின் சாரம் இதுதான். எங்கள் தெருவில் ராத்திரி முழுக்க லாரிகள் நிற்கின்றன. ஹார்ன் சத்தம், டீசல் புகை. டிரைவர்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரமாக ஒதுங்குகிறார்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. ஆகவே லாரிகளை உடனே அகற்ற வேண்டும். முடிந்தால் மார்க்கெட்டையே வேறு எங்காவது மாற்ற வேண்டும்.

ஒரு வார்த்தை பொய் இல்லை. நவி மும்பையில் வாஷி மொத்த மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் கட்டடம். ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும். அதிலிருந்து ஒரு பாட்டு வரும். அந்தப் பாட்டை வைத்து எனக்கும் தங்கமணிக்கும் நடந்த சண்டைகளைத் தனிப்பதிவாகவே போடலாம்.

ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. அந்தக் கடைசி வரி இடித்தது. இந்த மார்க்கெட்டே இன்னொரு இடத்தில் தொந்தரவு என்று சொல்லி இங்கே அனுப்பி வைக்கப்பட்டதுதான். "ஒரு வாரம் கொடுங்க" என்று சொல்லி தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெரிய கொசுவர்த்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர்க்காரன். அப்பா ஒரு வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவர். பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, பேங்கில் சேர்ந்து, 2007ல் மும்பை மஸ்ஜித் பந்தர் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றலாகி வந்தேன். பேங்க்காரனுக்குச் சரக்கு என்பது பெரும்பாலும் ஒரு தாள். எல்.ஆர். என்கிற லாரி ரசீதை வைத்து பில்லுக்குப் பணம் கொடுப்போம். அந்த ரசீதைக் கொடுக்கும் லாரி கம்பெனி இந்திய வங்கிகள் சங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்போம். அதோடு சரி. சரக்கைக் கண்ணால் பார்ப்பது மாதம் ஒருமுறை கோடவுன் இன்ஸ்பெக்‌ஷனில்தான். வியாபாரி கொடுத்த ஸ்டாக் கணக்கும் உள்ளே இருக்கும் மூட்டையும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படிப் போகும்போதுதான் அந்தத் தெருக்களைப் பார்த்தேன். கீழே கோடவுன், மேலே மூன்று மாடி குடித்தனம். மிளகாய் மூட்டைக்கு மேல் தொட்டிலில் குழந்தை தூங்கும். சட்டப்படி மொத்த மார்க்கெட் வாஷிக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தாலும் மிச்சம் மீதி வியாபாரமே தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. உடன் வரும் வட நாட்டு சக அதிகாரிகள் தும்மித் தள்ளுவார்கள். எனக்கு அப்பாவின் சட்டை வாசனை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

பம்பாயில் சரக்கைத் தள்ளி வைத்த கதை கிட்டத்தட்ட 180 வருஷத்துப் பழசு. கோட்டைக்குள், செயின்ட் தாமஸ் சர்ச்சுக்கு எதிரே இருந்த பசும்புல் மைதானத்தில்தான் ஒரு காலத்தில் பஞ்சுப் பொதிகளைக் குவித்து வைத்து விற்றார்கள். அதனால் அதற்குப் பெயரே காட்டன் கிரீன். ஊர் பெருத்ததும் கோட்டைக்குள் இந்தப் பொதிகள் இடைஞ்சலாகப் போயின. 1844ல் பஞ்சுச் சந்தையை ஊருக்கு வெளியே கொலாபாவுக்கு மாற்றினார்கள். அப்போது கொலாபா ஒரு ஒதுக்குப்புறம். பிறகு கொலாபாவும் கனவான்கள் வசிக்கும் இடமானது. 1920களில் பஞ்சு வடக்கே சிவ்ரிக்குப் போனது. பெயரும் கூடவே போனது. இன்றைக்கு ஹார்பர் லைனில் காட்டன் கிரீன் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அது இப்படி ஊர் ஊராகத் துரத்தப்பட்ட பெயர்தான்.

பஞ்சு நகர்ந்தது, தானியம் நகரவில்லை. துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில், அதாவது என் கோடவுன் தெருக்களுக்குப் பக்கத்தில், தானியக் கிடங்குகளும் குடித்தனங்களும் ஒன்றாகவே இருந்தன. தானியம் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் தெள்ளுப்பூச்சி. 1896 செப்டம்பரில் டாக்டர் அகாசியோ வியேகஸ் என்பவர் மாண்ட்வியில்தான் முதலில் பிளேக்கைக் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஊரே காலி ஆனது.

அதன் விளைவாக 1898ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. நெரிசலான பகுதிகளை இடித்துச் சாலை போட்டார்கள். காற்றும் வெளிச்சமும் வரும்படி வடக்கே தாதர், மாதுங்கா என்று புதிய குடியிருப்புகளுக்கு மனை பிரித்தார்கள். அந்த மாதுங்காவில் அப்புறம் யார் வந்து சேர்ந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை :-) இன்றைக்கு நாம் மாதுங்கா போய் வாழை இலையும் மல்லிகைப்பூவும் வாங்குகிறோம் என்றால், அதற்குப் பின்னால் மாண்ட்வி கோடவுன் எலிக்கும் ஒரு பங்கு உண்டு.

கவனியுங்கள். மனிதர்களுக்கு நல்ல குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார்கள். அதே காலத்தில் துறைமுக டிரஸ்ட் 1914ல் அலெக்சாண்ட்ரா டாக்கைத் திறந்து, 1915ல் சரக்குக்கென்றே தனி ரயில் பாதையும் போட்டது. சரக்குக்கும் ஒரு இடம், ஒரு வழி வேண்டும் என்கிற யோசனை அன்றைக்கு இருந்தது. லாரி வந்த பிறகுதான் அது மறந்துபோனது. ரயில் பெட்டி நினைத்த தெருவில் போய் நிற்க முடியாது; லாரியால் முடியும். தனியாக இடம் ஒதுக்காவிட்டாலும் வேலை நடந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு தீவு பிதுங்க ஆரம்பித்தது. 1965ல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரிஷ் படேல் மூன்று பேரும் மார்க் பத்திரிகையில் ஒரு யோசனையை வைத்தார்கள். பம்பாயை வடக்கே நீட்டிக்கொண்டே போக வேண்டாம். கழிமுகத்துக்குக் கிழக்கே ஒரு இரட்டை நகரம் கட்டுவோம் என்று. 1970ல் அதற்காக சிட்கோ தொடங்கப்பட்டது. 1973ல் வாஷி பாலம் வந்தது.

ஆனால் பாலம் போட்டால் மட்டும் ஆள் வந்துவிடுமா? வேலை வேண்டும். தலைமைச் செயலகத்தையே இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்றுகூட அந்தக் காலத்தில் பேசினார்கள். அது வரவில்லை. அரசு அலுவலகம் வராத இடத்துக்கு வெங்காயம் வந்தது! மும்பை ஏ.பி.எம்.சி. எனப்படும் வேளாண் விளைபொருள் மார்க்கெட் கமிட்டி 1977ல் அமைந்தது. 1980களின் தொடக்கத்தில் வெங்காயம், உருளைக்கிழங்கு; 1990களின் தொடக்கத்தில் மசாலாவும் தானியமும்; 1996ல் பழமும் காய்கறியும் என்று ஒவ்வொன்றாக மாறின. எஃகு வியாபாரத்துக்குக் களம்போலியில் இடம். துறைமுகமும் சும்மா இருக்கவில்லை. 1989ல் நவா ஷேவாவில் புதுத் துறைமுகம் திறந்து, கண்டெய்னர்களும் இந்தக் கரைக்கு வந்துவிட்டன.

வியாபாரிகள் சும்மா போகவில்லை. கிராஃபோர்ட் மார்க்கெட்டிலிருந்து வாஷி சுமார் 25 கிலோமீட்டர். வாடிக்கை போய்விடும் என்று முரண்டு பிடித்தார்கள். அவர்கள் பயந்ததில் பாதி உண்மை. தெற்கு மும்பையின் சின்னக் கடைக்காரர் கைவண்டியில் கொண்டுபோன சரக்கை இப்போது டெம்போவில் கொண்டுபோக வேண்டும். அதனால்தான் தாதரிலும் பைகுல்லாவிலும் விடியற்காலை மொத்த காய்கறி வியாபாரம் இன்றும் நடக்கிறது.

லாபம் அடைந்தவர்களும் உண்டு. எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு வயதான மாத்தாடி (மூட்டை தூக்கும் தொழிலாளி) என்னோடு ரொம்ப சிநேகம். சாதாரா பக்கத்து ஆள், பையனாக மஸ்ஜித் பந்தருக்கு வந்தவர். அண்ணாசாஹேப் பாட்டீல் சங்கம் கட்டியதையும், அவர்களுக்கென்று 1969ல் தனிச் சட்டம் வந்ததையும் நேற்று நடந்தது மாதிரி சொல்வார். "காகா, மார்க்கெட் மாறினது நல்லதா கெட்டதா?" என்று ஒருநாள் கேட்டேன். "அங்கே ஒரு ரூமில் பதினைந்து பேர். பாதிப் பேர் வேலைக்குப் போனால்தான் பாதிப் பேர் படுக்கலாம். மார்க்கெட் இங்கே வந்ததால்தான் கோபர்கைரனேயில் எனக்கு ஒரு வீடு கிடைத்தது. பெண்டாட்டி பிள்ளையை ஊரிலிருந்து கூட்டிவந்தேன்" என்றார். இடமாற்றம் என்றாலே அநியாயம் என்று நானும் ஒரேயடியாக நினைத்துக்கொண்டிருந்தேன். காகா அதைக் கொஞ்சம் அசைத்துவிட்டார். இடம் மாற்றியதோடு நிறுத்தாமல், கூடவே வீட்டுக்கும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

திட்டம் போடாமல் வளர்ந்ததற்கு உதாரணம் பிவண்டி. விசைத்தறி ஊர். மும்பை மாநகராட்சி எல்லைக்குள் சரக்கு நுழைந்தால் ஆக்ட்ராய் வரி கட்ட வேண்டும். தஹிசர், முலுண்ட், ஐரோலி, வாஷி என்று வாசல்களில் லாரி வரிசை நிற்கும். தேவைப்படும்போது மட்டும் உள்ளே அனுப்பினால் போதுமே என்று கம்பெனிகள் எல்லைக்கு வெளியே கிடங்கு எடுத்தன. வயல்வெளி கிராமங்களில் தகரக் கூரைகள் முளைத்தன. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்து ஆக்ட்ராய் ஒழிந்தது. கிடங்குகள் ஒழியவில்லை. ஒரு வரிக்காக ஓர் ஊரின் வரைபடமே மாறி, வரி போன பிறகும் அப்படியே நிற்கிறது. வணிகவியல் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கலாம்.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். சென்னை ஜார்ஜ் டவுனில் கோத்தவால் சாவடி. மழைக்காலத்தில் அங்கே காலை வைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அதைக் கோயம்பேட்டுக்கு மாற்றியது 1996ல். பம்பாய்க்காரர்களின் காய்கறி வாஷிக்கு வந்த அதே வருஷம்! கோயம்பேடு அன்றைக்கு ஊர்க்கோடி. இன்றைக்கு நடுச்சென்னை. சுற்றிலும் குடியிருப்பு, மெட்ரோ ரயில்.

இரண்டு மார்க்கெட்டுக்கும் இன்னொரு ஒற்றுமை. 2020 மே மாதம் கொரோனா பரவியதால் 5ஆம் தேதி கோயம்பேட்டை மூடினார்கள். வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. 11ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் வாஷியும் மூடப்பட்டது. அப்போதுதான் நகரத்து ஜனங்கள் முதல்முறையாக, "காய் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார்கள். அதுவரை காய் ஃபிரிட்ஜிலிருந்து வந்துகொண்டிருந்தது.

பேங்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். கிளை மேனேஜர் மாறுவார், தொகை மட்டும் அங்கேயே இருக்கும். ஆடிட்டர் வந்து விரல் வைக்கும்போதுதான் எல்லோருக்கும் வியர்க்கும். நம் நகரங்கள் சரக்கை இப்படித்தான் வைத்திருக்கின்றன. வீட்டுக்கு ஒரு தலைப்பு, பூங்காவுக்கு ஒரு தலைப்பு, மெட்ரோவுக்கு ஒரு தலைப்பு. லாரிக்கு மட்டும் சஸ்பென்ஸ்.

யோசனை இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சரக்கு லாரிகள் ராத்திரி ஊருக்குள் நுழையும்வரை காத்திருக்க நகர எல்லையில் நிறுத்தும் வசதி வேண்டும் என்று சொல்கிறது. சிட்கோவும் வாஷியில் லாரி முனையத்துக்கென்று இடம் ஒதுக்கித்தான் இருந்தது. ஆனால் 2024 அக்டோபரில் சிட்கோ அறிவித்த வீட்டுத் திட்டத்தின் இடங்களைப் பாருங்கள். அதில் ஒன்றின் பெயரே 'வாஷி டிரக் டெர்மினல்'. லாரி நிற்க ஒதுக்கிய நிலத்தில் அடுக்குமாடி வீடு. வீடும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுத வேண்டும் அல்லவா? அந்த எதிர்ப்பதிவு எங்கே விழும்? எங்கள் மாதிரித் தெருக்களில்தான்.

அதே வருஷம் மார்ச்சில் மும்பையில் கோஸ்டல் ரோடு திறந்தார்கள். அழகான சாலை. சரக்கு வண்டிக்கு அனுமதி இல்லை. பெரிய லாரி ஊருக்கு வெளியே நின்றுவிட, உள்ளே ஓடுவதற்கு 2005ல் வந்த டாடா ஏஸ் மாதிரி குட்டி வண்டிகள். இங்கே அதற்குச் 'சோட்டா ஹாத்தி' என்று பெயர், குட்டி யானை. ஒரு லாரிச் சரக்குக்குப் பத்துப் பன்னிரண்டு குட்டி யானைகள் வேண்டும். அதற்கும் கீழே, ஆப்பில் ஆர்டர் செய்தால் பத்து நிமிஷத்தில் வரும் பைக் பையன்கள். லாரியைக் கண்ணுக்கு மறைத்துவிட்டோம், சரக்கு குறையவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், புதன்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கீழே நடக்கப் போனேன். காம்பவுண்டு ஓரத்தில் ஒரு லாரி. டி.என்.28. நாமக்கல்! லாரிக்குப் பக்கத்தில் ஸ்டவ் பற்றவைத்து ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. நம்ம ஊர் ரச வாசனை காலை நகர விடவில்லை.

"எந்த ஊருண்ணே?"

"ராசிபுரம் பக்கமுங்க. நீங்க தமிழுங்களா!" முகமெல்லாம் சிரிப்பு. "சேலத்துல இருந்து ஜவ்வரிசி ஏத்தியாந்தேனுங்க. நாளைக்குத்தான் எறக்குவாங்களாமா."

"உள்ளே நிறுத்த இடம் இல்லையா?"

"எங்கீங்க இடம்? அந்தத் தெருவுல நின்னா வெரட்டறாங்க, இந்தத் தெருவுக்கு வருவோம். இங்க வெரட்டினா அந்தத் தெருவு. குளிக்கக் கக்கூஸ் போகத்தான் கஷ்டமுங்க. வண்டிய விட்டுப்போட்டுப் போனா டீசல் போயிருமுங்க. அதான் இங்கியே ஓரமா..." என்று சொல்ல வந்தவர், நான் அந்தக் கட்டடத்துக்காரன் என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க சார். பொம்பளைப் புள்ளைக இருக்கற இடம்னு தெரியுமுங்க. வேற வழி இல்லீங்க."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மனு என் மேஜைமேல் இருக்கிறது. அதில் 'சமூக விரோதிகள்' என்று ஒரு வார்த்தை வேறு. அண்ணே என்று கூப்பிட்டவரை அப்படி எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா? வீட்டுக்குப் போய் அவருக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை உட்கார்ந்து மனுவைத் திருத்தினேன். சமூக விரோதிகளை அடித்தேன். 'மார்க்கெட்டை மாற்றுக' என்பதையும் அடித்தேன். இந்த மார்க்கெட் வந்ததால்தான் வாஷி ஊரானது. 2021ல் நான் இங்கே ஃப்ளாட் வாங்கியபோது (ஸ்டாஃப் லோன்தான், ஊழியர் வட்டி வாழ்க!) மார்க்கெட் ஏற்கெனவே இருந்தது. மாற்றினால் பன்வேலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தின் தெருவில் நாமக்கல் லாரி நிற்கும். இருபது வருஷம் கழித்து அங்கே ஒரு செக்ரட்டரி நாலு தாளோடு கிளம்புவார்.

பதிலாக மூன்று கோரிக்கை எழுதினேன். ஒன்று, மார்க்கெட்டுக்கு நடக்கும் தூரத்தில், காவலோடும் கழிப்பறை, குளியலறை, தண்ணீரோடும் ராத்திரி நிறுத்துமிடம். முனையத்து நிலம் போனால் அதற்கு ஈடாக வேறு நிலம். இரண்டு, எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று முன்கூட்டியே டோக்கன். பேங்கில் கொடுக்கும்போது மார்க்கெட்டில் கொடுக்க முடியாதா? மூன்று, இந்த இரண்டும் வந்த பிறகு, குடியிருப்புத் தெருக்களில் ராத்திரி லாரிக்குத் தடை. வரிசை முக்கியம். முதலில் இடம், அப்புறம் தடை.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி படித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "சாஹேப், இது லாரிக்காரங்க கொடுத்த மனு மாதிரி இருக்கே?"

"ஏகாதசிக்கு உங்க வீட்டில் சாபுதானா கிச்சடிதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அந்த ஜவ்வரிசி எங்க ஊர் சேலத்திலிருந்து வருது. புதன்கிழமை ராத்திரி நம்ம கேட்டுக்கு வெளியேதான் நின்னுச்சு."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார். சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பங்கு சாப்பிடுவது மகாராஷ்டிரக்காரர்கள்தான் என்பது அவருக்குப் புதுச் செய்தி. கமிட்டி அடுத்த மாதம் கூடுகிறது. என் டிராஃப்ட் போகுமா, பழையதே போகுமா என்று தெரியாது. பழையது போனால் என் கையெழுத்து அதில் இருக்காது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கமணிக்கு இன்னும் கோபம்தான். "அந்த ரிவர்ஸ் பாட்டுக்கு மூணு கோரிக்கையில எது பதில் சொல்லுது?" என்கிறாள். நியாயமான கேள்வி. நாலாவதாகச் சேர்த்திருக்க வேண்டும்.

கமிட்டியில் என்ன ஆயிற்று என்று பிறகு எழுதுகிறேன். உங்கள் ஊரில் லாரி எங்கே நிற்கிறது என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.